சடலத்தின் மீதான அச்சமும் இறந்தோரின் உரிமையும்: கொள்ளைநோய்க் கால இறுதிச் சடங்கு நெறிமுறைகளின் வளர்ச்சி, நெய்வேலி வட்டாரத்தை முன்வைத்து

கொள்ளைநோயில் இறந்தவரை எவ்வாறு அடக்கம் செய்வது என்ற கேள்விக்கான விடை கடந்த 125 ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு தடங்களில் வளர்ந்து வந்துள்ளது. சடலம் நோயைப் பரப்புமா என்று ஆராய்ந்தது மருத்துவத் தடம்; இறந்தவருக்கு மரியாதை கோரும் உரிமை உண்டா என்று கேட்டது சட்டத் தடம். இவ்விரண்டும் நெடுங்காலம் ஒன்றையொன்று அறியாமலே நகர்ந்தன என்பதும், 2020 ஏப்ரலில் சென்னையின் மயான வாசல்களில் அவை சந்தித்தபோது, மருத்துவம் முன்பே தெளிவாக்கிவிட்ட ஓர் உண்மையை நிலைநாட்டச் சிறைத்தண்டனை தேவைப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

பம்பாயில் 1896 செப்டம்பரில் பிளேக் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்கள் சட்டம் நிறைவேறியது. நான்கே பிரிவுகள் கொண்ட அச்சட்டம் நோயைத் தடுக்கத் தேவையென்று கருதும் எதையும் செய்ய அரசுக்கு அதிகாரம் அளித்ததே தவிர, இறந்தவரைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அதன் நிழலில் பம்பாயில் நடைமுறைக்கு வந்த சடலச் சோதனை, அதாவது புதைக்கவோ எரிக்கவோ எடுத்துச் செல்லும் முன் உடலை மருத்துவர் பார்வையிட வேண்டும் என்ற விதி, துக்க வீட்டுக்குள் அரசு நுழையும் செயலாகவே மக்களால் கருதப்பட்டது. பெண்களின் உடலை அயல் ஆடவர் பார்ப்பது பெரும் அவமதிப்பாகக் கொள்ளப்பட்டதால், மரணங்களை மறைக்கும் போக்கு வளர்ந்து, சோதனையின் நோக்கமே குலைந்தது. மரியாதை குறையும் இடத்தில் பாதுகாப்பும் குறைகிறது என்பதற்கு இதுவே முதற்சான்று.

இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 1918ஆம் ஆண்டு இன்ஃபுளுயன்சாவின்போது இக்கேள்வி எழவே வாய்ப்பில்லாமற் போனது. எரிக்க விறகு போதாமல் ஆறுகளில் சடலங்கள் விடப்பட்ட நிலையில் நெறிமுறை பேச ஆளில்லை. இருபது ஆண்டுகள் கழித்து வந்த 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், பொதுச் சுகாதாரத்துக்கென இந்திய மாகாணங்களில் இயற்றப்பட்ட முன்னோடிச் சட்டமாக இருந்தும், தொற்று தடுக்கும் கடமையையே முதன்மையாகக் கொண்டிருந்தது.

சடலம் தானாகவே நோயைப் பரப்பும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதைக் கடலூர் மாவட்டம் 2004 டிசம்பர் 26 அன்று கண்டது. ஆழிப்பேரலையில் அம்மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கொள்ளைநோய் பரவிவிடும் என்ற அச்சத்தாலும் உடல்களின் எண்ணிக்கையாலும் கடலோரத்தில் பலர் ஒரே குழியில் புதைக்கப்பட்டனர். உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவை அமைப்புகளும் 2006-இல் வெளியிட்ட களக் கையேடு, இயற்கைப் பேரிடரில் இறந்தோரின் உடல்கள் கொள்ளைநோய்க்குக் காரணமாவதில்லை என்றும், அவசரப் புதைப்பு குடும்பங்களுக்கே தீங்கிழைக்கிறது என்றும் விளக்கியது. இந்தப் பாடம் கடலூர்க் கரையிலிருந்து அதே மாவட்டத்தின் நெய்வேலி வரைகூடப் பயணிக்கவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

எபோலாவின் நிலை வேறு. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-இல் பரவிய அந்நோயில் இறந்தவரின் உடல் உண்மையாகவே கடுந்தொற்று உடையது. உடலைக் குளிப்பாட்டித் தழுவும் சடங்குகள் வழியே நோய் பரவியது. தொடக்கத்தில் பாதுகாப்பு உடையணிந்த குழுக்கள் உடல்களைப் பறித்துச் சென்றபோது மக்கள் இறந்தோரை ஒளித்தனர். ஆகவே, அதே ஆண்டின் பிற்பகுதியில் உலக சுகாதார நிறுவனம் ‘பாதுகாப்பான, மரியாதையான அடக்கம்’ என்ற நெறிமுறையை வகுத்து, குடும்பத்தாரிடம் முதலில் பேசுவதையும் சமயத் தலைவரைச் சேர்த்துக்கொள்வதையும் கட்டாய நடைமுறையாக்கியது. மருத்துவமும் மரியாதையும் ஒரே ஆவணத்தில் இணைந்தது இங்கேதான்.

கொரோனா இந்தியாவை அடைந்ததும், மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 15 அன்று சடலங்களைக் கையாளும் வழிகாட்டுதலை வெளியிட்டது. கசியாத உறையில் உடலை வைத்தல், உறையின் வெளிப்புறத்தை ஹைப்போகுளோரைட் என்னும் குளோரின் கரைசலால் துடைத்தல் ஆகியவற்றுடன், ஊழியர் உறையின் முகப்பகுதியைத் திறந்து உறவினருக்குக் காட்டலாம் என்றும், உடலைத் தொடாமல் செய்யும் சடங்குகளான மறையோதுதல், புனித நீர் தெளித்தல் போன்றவை நடைபெறலாம் என்றும், எரித்தபின் சாம்பலால் ஆபத்தில்லை என்றும் அது கூறியது. குளிப்பாட்டுதல், முத்தமிடுதல், தழுவுதல் போன்றவை தடுக்கப்பட்டன. இந்நோயால் கூடுதல் ஆபத்தில்லை என்பதை மயானப் பணியாளருக்கு எடுத்துரைக்க வேண்டும் என்ற வரியும் அதில் இருந்தது. மயானத்தில் பெருங்கூட்டம் தவிர்க்கப்பட வேண்டும் என்று அது விடுத்த எச்சரிக்கையே உண்மையான மருத்துவச் செய்தி: மூச்சு வழி பரவும் நோயில் ஆபத்து இறந்தவரிடமிருந்து அல்ல, பாடையைச் சுற்றி நிற்கும் உயிருள்ளவர்களிடமிருந்தே வருகிறது.

ஆயினும் ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 13 அன்று சென்னையில் இறந்த நெல்லூர் மருத்துவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் எரிக்க எதிர்ப்பு எழுந்தது. ஏப்ரல் 19 அன்று இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய இயலாமல், வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுசென்றபோது கும்பல் தாக்கியது. இரவில் சக மருத்துவரே மண்வெட்டி எடுத்துக் குழியை மூடினார். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கையிலெடுத்து, அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் கண்ணியமான அடக்கமும் அடங்கும் என்றது. ஏப்ரல் 26 அன்று தமிழ்நாடு அரசு, 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, அறிவிக்கப்பட்ட தொற்றுநோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்போருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என அவசரச் சட்டம் பிறப்பித்தது. தொற்றைத் தடுப்பதையே முதன்மையாக எண்ணி எழுதப்பட்ட சட்டம், எண்பது ஆண்டுகளுக்குப் பின் இறந்தவரைக் காக்கும் சட்டமுமாயிற்று.

மக்களின் அறியாமை என்று இதைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. வழிகாட்டுதல் ஆங்கிலத்தில் இருந்தது. மக்கள் கண்டதோ முழுவுடல் கவசமும் நெகிழி உறையும் வெறிச்சோடிய தெருவும்தான். கடலூருக்கு அண்டையிலுள்ள புதுச்சேரி வில்லியனூர்ப் பகுதியில் 2020 ஜூனில் ஊழியர்கள் ஒரு சடலத்தைக் குழிக்குள் வீசிய காணொளி பரவியபோது, அரசின் கைகளே அந்த அச்சத்தை உறுதிசெய்தன.

நெய்வேலியில் இச்சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1956-இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்காக எழுந்த இந்நகரியத்தை நகராட்சி ஆள்வதில்லை. நிறுவனத்தின் நகர நிர்வாகமே பராமரிக்கிறது. வேலியைத் தாண்டினால் வடக்குத்து போன்ற ஊராட்சிகளும் கெங்கைகொண்டான் பேரூராட்சியும் வருகின்றன. வழிகாட்டுதல்களோ உள்ளாட்சி அமைப்புகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. மேலும், பல மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து குடியேறியோர் வாழும் ஊர் என்பதால், இறந்தவரைச் சொந்த ஊருக்கு எடுத்துச் செல்ல விரும்பும் குடும்பங்கள் இங்கு மிகுதி. பொதுமுடக்கக் காலத்தில் மாவட்ட எல்லையைக் கடக்க இ-பாஸ் வேண்டியிருந்தது. மத்திய அரசின் 2020 மார்ச் 24 பொதுமுடக்க ஆணை இறுதிச் சடங்குகளுக்கு விதித்த 20 பேர் வரம்பு தொற்றில் இறந்தோருக்கு மட்டுமன்றி எல்லா மரணங்களுக்கும் பொருந்தியது. ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையக் கொதிகலன் வெடித்து ஆறு தொழிலாளர் அங்கேயே மாண்டபோதும் அந்த வரம்பு நடைமுறையில் இருந்தது. ஷிப்ட் முழுவதும் உடன் நின்ற தோழரும் கோடி போடவும் வாய்க்கரிசி இடவும் வரும் உறவினரும் இருபதுக்குள் அடங்குவதில்லை. பதினாறாம் நாள் காரியத்தையேனும் பின்னர் கூட்டமாக நடத்த வழிவகுக்கும் விதி எதுவும் எழுதப்படவில்லை.

சமய நெறியும் பாதுகாப்பும் முரண்பட்டே தீர வேண்டும் என்பதில்லை. குளிப்பாட்ட முடியாத நிலையில் தூய மண்ணைக் கொண்டு செய்யும் தயம்மும் முறையை இஸ்லாமிய அறிஞர்கள் அனுமதித்தனர். தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தின் தொண்டர்கள் எல்லாச் சமயத்தாரையும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தனர். இதற்கு நேர்மாறாக, இலங்கை அரசு 2020 ஏப்ரலில் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. தொற்றில் இறந்தோரை எரித்தே ஆக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24 அன்றே கூறியிருந்தும், 2021 பிப்ரவரி வரை அந்த ஆணை நீடித்தது. பின்னர் கிழக்கே ஓட்டமாவடியில் மட்டும் புதைக்க இடம் தரப்பட்டது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

தேசிய மனித உரிமை ஆணையம் 2021 மே 14 அன்று இறந்தோரின் கண்ணியம் பற்றிய அறிவுரையை வெளியிட்டது. அவ்வறிவுரையைத் தமிழில் எளிய நெறிமுறையாக்கி, முகம் பார்க்கும் உரிமை, தொடாமல் செய்யக்கூடிய சடங்குகள், உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்லும் வழி, மயானப் பணியாளருக்கான பயிற்சியும் கவசமும் ஆகியவற்றை நெய்வேலி நகர நிர்வாகமும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் மாவட்ட ஆட்சியரும் ஒன்றுகூடி, அடுத்த தொற்று வருமுன் எழுதிவைக்க வேண்டும்.