தேர்க்காலும் திரைப்படமும்

திருவாரூர்த் தெருவில் இளவரசன் ஊர்ந்து சென்ற தேரின் சக்கரத்தில் சிக்கி ஒரு பசுக்கன்று மாண்டது. வேண்டுமென்றே செய்த கொலையன்று அது. நொடிப்பொழுதில் நேர்ந்த விபத்து. ஆயினும் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அந்த நொடியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தாய்ப்பசு அசைத்த மணியையும், அவ்வோசை கேட்ட மன்னனின் நெஞ்சத் துயரையும் விரிவாகப் பாடினார். விபத்தைக் காட்டிலும் அதன்பின் எஞ்சி நிற்போர் வாழ்வே கதைக்குரியது என்பதைத் தமிழ் மரபு அறிந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் கலையாகிய திரைப்படம் இதனைப் படிப்படியாகவே கற்றது.

இங்கிலாந்தின் செசில் ஹெப்வொர்த் 1900ஆம் ஆண்டில் இரண்டு குறும்படங்களை எடுத்தார். ஒன்றில், மோட்டார் வண்டி பார்வையாளரை நோக்கி நேரே பாய்ந்து வருகிறது. உடனே திரை இருள்கிறது. மற்றொன்றில் வண்டி வெடித்துச் சிதறுகிறது. வானிலிருந்து விழும் உடலுறுப்புகளைக் காவலர் ஒருவர் பொறுக்கிச் சேர்க்கிறார். மோட்டார் வண்டி புதுமையாயிருந்த காலம் அது. மாண்டவருக்குப் பெயருமில்லை, அழுவதற்கு உறவுமில்லை. விபத்து வெறும் வேடிக்கையாகவே இருந்தது.

1955இல் வெளிவந்த 'ஒரு மிதிவண்டிக்காரனின் மரணம்' என்னும் ஸ்பானியப் படம் அவ்வேடிக்கையைக் குற்ற விசாரணையாக்கியது. பிராங்கோவின் சர்வாதிகாரம் நிலவிய நாட்டில் அதனை இயக்கியவர் ஹுவான் அந்தோனியோ பர்தெம். செல்வர் ஒருவரின் மனைவியும் அவளுடைய காதலனாகிய பேராசிரியரும் காரில் வருகையில் ஒரு தொழிலாளியை மோதிவிடுகின்றனர். அவன் உயிரோடிருக்கிறான் என்று அறிந்தும், தம் உறவு வெளிப்பட்டுவிடும் என்றஞ்சி, சாலையிலேயே விட்டுச் செல்கின்றனர். பின்னர், மாண்டவன் வாழ்ந்த ஏழைக் குடியிருப்புக்குச் செல்லும் பேராசிரியரின் மனசாட்சி விழித்துக்கொள்கிறது. அவளோ இறுதிவரை மறைக்கவே முனைகிறாள். இங்கு மணியடிக்கப் பசுவுமில்லை, நீதி வழங்க மன்னனுமில்லை. படத்தின் முடிவில், வேறொரு மிதிவண்டிக்காரன் மீது மோதாமலிருக்க வண்டியைத் திருப்பும் அவள் பாலத்திலிருந்து வீழ்ந்து இறக்கிறாள். அம்மனிதன் ஒரு கணம் திகைத்து நின்றபின், தொலைவில் விளக்கெரியும் வீட்டை நோக்கி விரைகிறான். செல்வர் செய்யத் தவறியதை ஏழை செய்கிறான்.

1993ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருதை இரண்டு படங்கள் பகிர்ந்துகொண்டன. இரண்டிலும் கார் விபத்து இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. ராபர்ட் ஆல்ட்மனின் 'ஷார்ட் கட்ஸ்' படத்தில், உணவகப் பணிப்பெண் ஓட்டி வந்த காரில் அடிபட்ட சிறுவன் எழுந்து வீட்டுக்கு நடந்து செல்கிறான். பெரிய ஆபத்து ஏதுமில்லை என்று அவள் ஆறுதல் கொள்கிறாள். அவன் பின்னர் மருத்துவமனையில் இறந்துபோனதை அவள் அறிவதேயில்லை. கீஸ்லோவ்ஸ்கியின் 'நீலம்' படத்திலோ, வண்டியினடியில் சொட்டும் பிரேக் எண்ணெயையும் சாலையோரம் விளையாடிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனையும் காண்கிறோம். மோதலோ ஓசையாகவே நம்மை எட்டுகிறது. கணவனையும் மகளையும் இழந்த ஜூலி, துயரத்தை வெல்ல எண்ணி நினைவுகள் அனைத்தையும் துறக்க முயல்கிறாள். கணவன் முடிக்காமல் விட்ட இசைக் குறிப்புகளையும் குப்பையில் எறிகிறாள். இசை அவளை விடுவதாயில்லை. கணவனின் குழந்தையை வேறொருத்தி சுமப்பதையறிந்து, தன் வீட்டை அவளுக்கே அளிக்கும்போதுதான் அவள் மீண்டும் வாழ்வுக்குத் திரும்புகிறாள்.

ஓர் ஊரே இழப்புக்குள்ளானால் யாது நேரும்? அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆல்டன் என்னும் ஊரில், 1989இல் பள்ளிப் பேருந்து நீர் நிறைந்த குழியில் வீழ்ந்து 21 மாணவர் மாண்டனர். அந்நிகழ்ச்சியின் தூண்டுதலால் ரஸ்ஸல் பேங்க்ஸ் எழுதிய நாவலை, 1997இல் ஆட்டம் எகோயன் 'தி ஸ்வீட் ஹியராஃப்டர்' என்று படமாக்கினார். பேருந்து பனி உறைந்த ஏரியில் சறுக்கி மூழ்குவதை அவர் தொலைவிலிருந்தே காட்டுகிறார். பின்னர் வரும் வழக்கறிஞர், யாரேனும் ஒருவர் மீது பழி சுமத்தியே ஆகவேண்டும் என்று பெற்றோரைத் தூண்டுகிறார். பழி தேடும் வேட்கை துயரினும் கொடிதாய் ஊரைப் பிளக்கிறது.

தமிழில் மு. சரவணன் இயக்கிய 'எங்கேயும் எப்போதும்' 2011இல் வந்தது. இரண்டு பேருந்துகள் நேருக்கு நேர் மோதுவதைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டுப் படம் பின்னோக்கிச் செல்கிறது. காதலர், புதுமணத் தம்பதியர், அயல்நாட்டிலிருந்து மகளைக் காணத் திரும்பும் தந்தை என்று ஒவ்வொருவரும் நமக்கு அறிமுகமாகின்றனர். அவர்கள் சிரிக்கும்போதெல்லாம் முடிவறிந்த நம் நெஞ்சு பதைக்கிறது. நாளிதழில் எண்ணிக்கையாக மட்டும் இடம்பெறுவோருக்கு இப்படம் முகமும் குரலும் தந்தது.

வானிலிருந்து விழும் உறுப்புகளைக் கண்டு நகைத்ததில் தொடங்கிய இவ்வரலாறு, மாண்டவரும் நம்மைப் போன்றவரே என்று உணர்த்தும் நிலைக்கு வந்துள்ளது. விபத்தைப் பாட விழையும் கவிஞர்க்கும் இதில் பாடமுண்டு. குருதியை வருணிப்பது எளிது. கன்றை இழந்த பசு மணியை நோக்கி நடந்த தொலைவைச் சொல்வதே அரிது.