ரூபியில் ஷெல் கட்டளைகள்: ஒரு வரலாறு

ரூபி மொழியில் எழுதிய நிரல், கணினியின் ஷெல் கட்டளைகளையும் இயக்கவல்லது. இதற்கான வழிகள் யூனிக்ஸில் பிறந்து, பெர்ல் வழியாக ரூபிக்கு வந்தவை.

1979இல் பெல் ஆய்வகத்தின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வெளிவந்தது. அதில் ஒரு கட்டளையைப் பேக்டிக் எனப்படும் சாய்ந்த குறிகளுக்குள் எழுதினால், அதன் வெளியீடு அதே இடத்தில் வந்து அமரும். 1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் இக்குறியை ஏற்றுக்கொண்டது. ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995இல் வெளியிட்ட ரூபியும் அதைத் தொடர்ந்தது.

ஒரு கட்டளை முடியும்போது இரண்டு விடைகள் கிடைக்கின்றன. ஒன்று, அது அச்சிடும் வெளியீடு. மற்றொன்று, முடிவு நிலை என்னும் எண். 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி. பேக்டிக் வெளியீட்டை மட்டுமே திருப்பித் தரும். முடிவு நிலையை $? என்னும் மாறியில் தேட வேண்டும். 'சிஸ்டம்' என்னும் செயற்கூறோ வெளியீட்டைத் திரைக்கு விட்டுவிட்டு, வெற்றியா தோல்வியா என்பதைத் தருகிறது.

இந்த வேறுபாடு சிறியதன்று. தரவுத்தளத்தை நகலெடுத்துவிட்டுப் பழைய நகல்களை அழிக்கும் நிரல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வட்டு நிரம்பி நகலெடுப்பு தோற்றாலும், முடிவு நிலையைப் பார்க்காத நிரல் அடுத்த வரிக்குச் சென்று பழையவற்றை அழித்துவிடும். பிறகு எந்த நகலும் மிஞ்சாது.

இக்குறையைப் போக்கும் முயற்சி படிப்படியாக நடந்தது. ரூபி 1.8இன் 'ஓப்பன்3' நூலகம் வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் பிரித்துத் தந்தது. ஆனால் முடிவு நிலையைத் தரவில்லை. 2010இல் வந்த 1.9.2 பதிப்பின் 'கேப்சர்3' மூன்றையும் ஒருசேரத் தந்தது. 2018 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்பில், கட்டளை தோற்றால் நிரலையே நிறுத்தும் வகையில் விதிவிலக்கை எழுப்பும்படி 'சிஸ்டம்' செயற்கூறிடம் கேட்கும் வசதி சேர்ந்தது.

பேக்டிக்குக்கு இவ்வசதி இல்லை. அடுத்த கட்டளை இயங்கியதும் $? மாறியின் மதிப்பும் மாறிவிடும். ஆகவே அதை உடனே, அடுத்த வரியிலேயே சோதிப்பது நல்லது.