இன்ஜின் இறக்கிய வேப்பமரம்

எங்க ஊர்ப் பக்கம் ‘இன்ஜினைக் கழற்றணும்’னு யாரும் சொல்லமாட்டாங்க, ‘இன்ஜின் இறக்கணும்’ என்பார்கள். உண்மையில் இன்ஜின் முதலில் மேலேதான் ஏறும். பாரம் இறக்குவது போன்ற பேச்சு. இந்தச் சொல்லிலிருந்துதான் இந்தக் குறிப்பு தொடங்கியது.

1987இல் ஆலங்குடியில் பெரியப்பாவின் அம்பாசிடர் புகை கக்கத் தொடங்கியது. வாடகை வண்டி. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்தார். பேட்டரி வயரைக் கழற்றி, தண்ணியும் ஆயிலும் வடித்து, பானெட், ரேடியேட்டர், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்தார். வேப்பங்கிளையில் செயின் பிளாக் மாட்டி, 150 கிலோவுக்கு மேலிருக்கும் இன்ஜினைத் தூக்கினார்கள். காரைப் பின்னால் தள்ளியதும் இன்ஜின் பழைய டயர்மேல் இறங்கியது. கழற்றிய போல்ட்டுகளைப் பால் டப்பாக்களில் போட்டு, எது எங்கேயிருந்து வந்தது என்று சாக்பீஸால் எழுதுவது என் வேலை.

இந்த வித்தை எங்க ஊருக்கு எப்படி வந்தது? புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். திருச்சியிலிருந்து ரயில் வந்ததோ 1929இல்தான். அதாவது ரயிலுக்கு முன்பே இங்கே மோட்டார் வந்துவிட்டது. மோட்டார் வந்தால் ரிப்பேரும் வரும். சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் இல்லை. கிளீனராகச் சேர்ந்து, கரி துடைத்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத்தான் கற்கவேண்டும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது பஸ்களில் கரி அடுப்பு பொருத்தி, அந்த வாயுவில் ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனமே அத்தகைய கேஸ் பிளான்ட் தயாரித்தது. பெட்ரோலுக்காகச் செய்த இன்ஜினைக் கரி வாயுவில் ஓடவைப்பதையும் வேலை செய்தபடியேதான் கற்றிருப்பார்கள்.

இப்படிக் கற்றவர்களில் நாம் நன்றாக அறிந்தவர் கோவை ஜி.டி. நாயுடு (பிறப்பு 1893). ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியதும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி பூட்டினார். 1920இல் பொள்ளாச்சி–பழனி பஸ் தொடங்கினார். ஏட்டுப் படிப்பில் பிடிப்பில்லாத அவர்தான் 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர்.

நாயுடுவுக்கும் எங்க மெக்கானிக் அண்ணனுக்கும் பள்ளிக்கூடம் ஒன்றுதான்: பிரித்த பொருள். ஆனால் பிரிப்பது பாதிதான். மீதிப் பாதியை அந்த ஆவணியில் பார்த்தேன்.

டவுனில் போர் அடித்து, புது பிஸ்டன் போட்டு, இன்ஜினை ஏற்றினார்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பற்கள் கிளட்ச் பிளேட்டுக்குள் நேராகப் போகவேண்டும். நூலிழை பிசகினாலும் நுழையாது. கியரில் போட்டுவிட்டு, ஹாண்டில் கம்பியால் இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சேர்த்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டி ஸ்டார்ட் ஆகி, பெரியம்மா சூடம் காட்டினார்.

அப்போதுதான் டப்பாவின் அடியில் அரைப்பிறை வடிவில் ஒரு வாஷர் கிடப்பதைப் பார்த்தேன். கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் திரஸ்ட் வாஷர். பழசாக இருக்கும் என்று எல்லாரும் சொன்னோம். அண்ணன் புதுசு நாலில் எத்தனை போட்டோம் என்று விரல்விட்டு எண்ணினார். இன்ஜினை அணைத்தார்.

“விடிஞ்சா கல்யாண வண்டிப்பா” என்றார் பெரியப்பா.

“கல்யாணப் பொண்ணு உக்காரப்போற வண்டிண்ணே” என்று சொல்லிவிட்டு ரேடியேட்டர் போல்ட்டில் கைவைத்தார்.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மறுபடி இறக்கினார்கள். காலை முகூர்த்தத்துக்கு வேறு வண்டி பேசி அனுப்பியதில் பெரியப்பாவுக்கு நஷ்டம். இரண்டாம் தடவை வேலைக்கு அண்ணன் காசு வாங்கவில்லை.

அம்பாசிடர் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. பஸ் விட்டவர்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. இறக்கி ஏற்றியவர்களைப் பற்றி அவர்களுடன் இருந்தவர்கள்தான் எழுதவேண்டும். உங்கள் வீட்டு வாசலிலும் இப்படியொரு மரம் இருந்திருந்தால், நினைவு இருக்கும்போதே எழுதி வையுங்கள்.