கணையாழியும் தூரிகையும்: மலேசிய ஓவியத்தில் குறியீடு

தமிழர்க்குக் குறியீடு புதியதன்று. உள்ளுறை உவமம் என்றும் இறைச்சி என்றும் அதனை வகைப்படுத்திக் காட்டியது தொல்காப்பியம். குறிஞ்சி நிலத்துப் பொருள்களைச் சொன்னால் கூடலும், நெய்தல் நிலத்துக் கடலைச் சொன்னால் இரங்கலும் உணரப்பெறும். ஆயினும், சொல்லாமல் சொல்லும் இம்முறைக்கு இன்றியமையாத நிபந்தனை ஒன்றுண்டு. சொல்பவன் அறிந்த குறியைக் கேட்பவனும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஓவியத்துக்கும் இந்நிபந்தனை பொருந்தும். பல இனத்தார் அடுத்தடுத்து வாழும் நாட்டில் அது மேலும் கடுமையாகிறது. ஒரு வீட்டில் தெய்வத்தின் அடையாளமாக விளங்கும் தாமரை, அடுத்த வீட்டில் வெறும் மலராகவே நிற்கக்கூடும். கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஓவியர்கள் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது, இந்நாட்டு இந்தியர் வாழ்வோடு பின்னிப் பிணைந்த வரலாறாகும்.

ஆலயமும் நாட்காட்டியும்

இப்பகுதித் தமிழர் கண்ட முதல் குறியீட்டுக் கூடம் ஆலயமே. 1873இல் தோற்றம் பெற்ற கோலாலம்பூர் மாரியம்மன் ஆலயம் முதலாக, தோட்டந்தோறும் எழுந்த சிறு கோவில்கள் வரை, சுதையிலும் வண்ணத்திலும் தத்துவம் பேசியது. ஆடவல்லானின் கையிலுள்ள உடுக்கை படைப்பையும், தீ அழிப்பையும், காலடியில் கிடக்கும் முயலகன் அறியாமையையும் குறிக்கும். எழுத்தறியாத தொழிலாளியும் இவற்றைப் பாட்டிகளின் வாய்மொழியால் அறிந்திருந்தான்.

அடுத்து வந்தது அச்சுப்படம். ரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகம், திருமகளையும் கலைமகளையும் ஏழையின் சுவருக்குக் கொண்டு வந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணவரும் தீட்டிய தெய்வ உருவங்கள் சிவகாசி நாட்காட்டிகளாகக் கடல் கடந்தன. பால்மரக் காட்டு லயத்து வீடுகளிலும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும், கிள்ளான் மளிகைக் கடைகளிலும் அத்தகைய படங்கள் விளக்கொளியில் வணங்கப்பெற்றன.

இப்படங்களின் வலிமை, அவற்றின் பொருள் எல்லார்க்கும் ஒன்றாக இருந்தமையாகும். அவற்றின் எல்லையும் அதுவே. திருமகளின் கையிலிருந்து பொற்காசு உதிரலாமேயன்றி வேறொன்று உதிர இடமில்லை. புதிய நாட்டில் புதிய துன்பங்களைக் கண்ட மக்களின் வாழ்வை உரைக்கப் பழைய குறிகளைப் புதிதாக ஆளும் ஓவியர் தேவைப்பட்டனர்.

அழகன்குளத்துப் பிள்ளை

அத்தகையோருள் குறிப்பிடத்தக்கவர் சையத் தாஜுதீன். இராமநாதபுரம் பகுதியைச் சேர்ந்த அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்தவர். பின்னர்ச் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்றார். அக்கல்லூரியின் முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையைத் தீட்டத் தொடங்கியிருந்தார். மேனாட்டு ஓவியத்தின் நிழலாக நில்லாது, சொந்த மண்ணின் வடிவங்களிலிருந்து புதுமை காண வேண்டும் என்னும் வேட்கை சென்னையில் நிலவிய காலம் அது.

1972இல் தாஜுதீன் தீட்டிய ‘சீதையைக் காணும் அனுமன்’ இராமாயணத்தைப் பொருளாகக் கொண்டது. அஜந்தாவை நினைவூட்டும் நீண்ட விழிகளும், குழைந்த உடல் வளைவுகளும், கனிந்த செவ்வண்ணங்களும் அவர் ஓவியங்களின் இயல்புகளாயின. ஓர் இசுலாமியத் தமிழர் இராமகாதையைத் தீட்டியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை; கம்பன் கவியரங்குகளில் இசுலாமியப் புலவர் முழங்கிய மரபு தமிழுக்கு உண்டு. மலாய் மக்களுக்கும் ‘ஹிகாயாட் செரி ராமா’ என்னும் இராமகாதை உண்டு.

அசோகவனக் காட்சியின் உட்பொருள் எண்ணத்தக்கது. முன்பின் அறியாத ஒருவன் சீதையின் முன் வந்து நிற்கின்றான். அவன் சொல்லை நம்ப அவளுக்கு ஓர் அடையாளம் வேண்டும். கணையாழி அதனைத் தருகிறது. பிறர் கண்ணுக்கு அது பொன்வளையம் மட்டுமே. அவளுக்கோ கணவன் உயிரோடிருக்கும் செய்தி. ஆகவே இது குறியீட்டைப் பற்றிய கதையுமாகும்.

எவருடைய அடையாளம்?

அவ்வோவியம் தீட்டப்பெற்றதற்கு ஓராண்டு முன், 1971 ஆகஸ்டில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. இவ்வட்டாரப் பூர்வீக மக்களின் பண்பாடே தேசியப் பண்பாட்டின் அடித்தளம். பொருத்தமான பிற பண்பாட்டுக் கூறுகளை ஏற்கலாம். இசுலாம் அதில் முக்கியக் கூறு என்னும் மூன்று கொள்கைகள் அங்கு உருவாயின. தொடர்ந்த ஆண்டுகளில் அரபு எழுத்தணியும், மலாய் மரச்செதுக்கும், துணி நெசவும் ஓவியர் பலரின் குறியீட்டுக் களஞ்சியமாயின. அவ்வழியில் சிறந்த ஆக்கங்கள் பிறந்தன என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும், “பொருத்தமான கூறு” எது என்பதை முடிவு செய்பவர் யார் என்னும் வினா எஞ்சியது. 1983இல் சீன அமைப்புகளும், 1984இல் இந்திய அமைப்புகளும் அரசிடம் கோரிக்கை மனுக்கள் அளித்தன. தம் அடையாளங்கள் இந்நாட்டின் அடையாளங்களாக ஏற்கப்பெறுமா என்பதே அவற்றின் உள்ளடக்கம் எனலாம்.

இவ்வினாவுக்குத் தூரிகையால் ஒரு விடை தந்தவர் நிர்மலா தத் சண்முகலிங்கம் (1941–2016). 1973இல் தேசிய ஓவியக் கூடத்தின் ‘மனிதனும் அவன் உலகமும்’ போட்டியில் பரிசு பெற்ற அவரது படைப்பு, டாமன்சாரா வட்டாரத்துக் குப்பைகளையும் நிழற்படங்களையும் கொண்டு சுற்றுச்சூழல் சீர்கேட்டைச் சாடியது. 1980களில் அவர் கிளாந்தான் நிழற்பாவைக் கூத்தான வாயாங் கூலிட்டை நாடினார். 1986இல் தீட்டிய ‘ஆபத்துக்கு உதவும் நண்பர்கள்’ என்னும் ஓவியத்தில் அமெரிக்க அதிபர் ரீகனும் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரும் பாவைகளாயினர். அவ்வாண்டு லிபியா மீது குண்டு பொழிந்த வல்லரசின் செயலுக்குக் கண்டனமாய் அது அமைந்தது.

இக்கூத்தின் கதை இராமாயணம், மொழி மலாய், ஆட்டும் தாலாங் கிளாந்தான் மலாய்க்காரர். ஆகவே இது எவருடைய குறியீடு என்று பிரித்துரைக்க இயலாது. பகிர்ந்துகொண்ட குறி ஒன்று இந்நாட்டில் முன்னரே இருந்தது என்பதை நிர்மலாவின் ஓவியங்கள் உணர்த்தின.

தேய்வழக்கும் மணவறையும்

1965இல் ஜொகூர் பாருவில் பிறந்த அனுரேந்திர ஜெகதேவா, குறியீட்டின் மறுபக்கத்தைக் காட்டினார். 2001இல் அவர் படைத்த தொடரின் பெயர், ஓடும் இந்தியர்களையும் ‘25 தேய்வழக்குகளில்’ மலேசிய இந்தியர் வரலாற்றையும் குறிப்பது. ஓரினத்தாரைப் பிறர் எந்தெந்த அச்சில் வார்த்து வைத்திருக்கின்றனர் என்பதையே அவர் பொருளாக்கினார். தேய்வழக்கும் ஒரு குறியீடுதான். ஆயின் பொருள் வற்றிப்போன குறியீடு. அதன் பின்னால் உயிருள்ள மனிதன் மறைந்துபோகின்றான்.

இக்காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. 2001 மார்ச்சில் கம்போங் மேடான் வட்டாரத்தில் நிகழ்ந்த இன வன்முறையில் 6 பேர் மாண்டனர். ஓவியத்தையும் அந்நிகழ்ச்சியையும் நேராக முடிச்சிட வேண்டியதில்லை. எனினும், அடுத்த வீட்டானைப் பெயரால் அறியாது அச்சால் மட்டும் அறியும் சமுதாயம் எத்தகைய விலை கொடுக்கும் என்பதை அவ்வாண்டு காட்டிற்று.

2012க்கும் 2014க்கும் இடையில் ஜெகதேவா மணவறையின் பெயரையே சூட்டி, அவ்வடிவிலேயே ஒரு படைப்பை உருவாக்கினார். காதலும் இழப்பும் அதன் துணைத் தலைப்பில் இடம்பெற்றன. தமிழர்க்கு மணவறை இரு குடும்பங்கள் ஒன்றாகும் இடம். சமயமும் இனமும் பொதுவெளியில் ஓயாத விவாதமாகிவிட்ட நாட்டில் அது வேறொரு வினாவையும் எழுப்புகிறது: ஒன்றாக அமர்வதற்கு ஒருவர் எதனை இழக்க வேண்டும்?

அவரது படைப்புகளைக் காட்சிப்படுத்திய வேய்-லிங் ஓவியக் கூடம் 2002இல் தொடங்கப்பெற்றது. அது அமைந்த பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் ஸ்காட்டிலேயே, இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோவிலும் உள்ளது. வேலும் மயிலும் ஒரு கட்டடத்தில் வழிபடப்பெற, மணவறை மற்றொன்றின் கலையுலகில் வினாவாகிறது. இரண்டையும் இணைப்பது சில நிமிட நடை மட்டுமே.

அந்நடையை மேற்கொள்வோர் பெருக வேண்டும். உடுக்கையின் பொருளை அறியாத இளைஞனுக்கு ஆலயமும் வண்ணக் கட்டடமாகவே தோன்றும். மணவறையின் பொருளை அறியாத பிற இனத்தவர்க்கு ஓவியமும் அலங்காரமாகவே தோன்றும். தமிழ்ப் பள்ளிகளின் ஓவிய வகுப்புகள் வண்ணம் தீட்டுவதோடு நில்லாது, வண்ணத்தின் பொருளைப் படிக்கவும் பயிற்றுமானால் இக்குறை பெரிதும் நீங்கும். ஓவியர் தம் கணையாழியை நீட்டிக்கொண்டே இருக்கின்றனர். அதனை அடையாளம் காணும் கண்களை உருவாக்குவது சமுதாயத்தின் கடன்.