நீக்க முடியாத ஆப்: ஒரு சின்ன வரலாறு

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் விவசாயம் பார்க்கிற வீடுகளில் இது எல்லோருக்கும் தெரியும். யூரியா மூட்டை கேட்டுப் போனால் சில கடைகளில், "இதையும் சேர்த்து வாங்கினால்தான் யூரியா" என்று வேறொரு டப்பாவையும் நம் தலையில் கட்டுவார்கள். இப்படி விற்கக்கூடாது என்று வேளாண்மைத் துறை அதிகாரிகள் எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். நம் செல்போனில் உட்கார்ந்துகொண்டு நகர மறுக்கும் ஆப்களும் அந்த டப்பா மாதிரிதான்.

இது கம்ப்யூட்டர் காலத்திலேயே தொடங்கிய கதை. விண்டோசுடன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையும் சேர்த்தே கொடுத்த மைக்ரோசாஃப்ட் மீது 1998-ல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. நிறுவனத்தை இரண்டாக உடைக்கச் சொன்ன கீழ் நீதிமன்ற உத்தரவை 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால், புரோகிராம்களை நீக்கும் பட்டியலில் எக்ஸ்ப்ளோரரைச் சேர்க்காமல் விட்டது தவறு என்றது.

நம் நாட்டில், சட்டத் துறையைச் சேர்ந்த இளைஞர்கள் மூன்று பேர் கூகுள் மீது இந்தியப் போட்டி ஆணையத்தில் (சிசிஐ) புகார் கொடுத்தார்கள். 2019-ல் விசாரணைக்கு உத்தரவானது. 2022 அக்டோபர் 20-ல் தீர்ப்பு வந்தது. அபராதம் 1,337.76 கோடி ரூபாய்! பிளே ஸ்டோர் வேண்டுமானால் செல்போன் கம்பெனிகள் கூகுள் ஆப்களை மொத்தமாக ஏற்றித் தரவேண்டியிருந்தது, வாங்கியவர் அவற்றை நீக்கவும் முடியவில்லை. இது சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்றது ஆணையம். இனி நீக்குவதைத் தடுக்கக்கூடாது என்றும் உத்தரவிட்டது.

அந்தச் சந்தோஷம் ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. 2023 மார்ச் 29-ல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது, ஆனால் ஆணையத்தின் நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது. நீக்கும் உரிமை அந்த நான்கில் ஒன்று. பிறகு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஐரோப்பாவிலோ 2024 மார்ச் முதல் பெரிய நிறுவனங்கள் இந்த உரிமையைத் தந்தே ஆகவேண்டும் என்பது சட்டம்.

அடுத்த திருப்பம்தான் வேடிக்கை. 2025 நவம்பர் 28-ல் நம் தொலைத்தொடர்புத் துறையே ஓர் உத்தரவு போட்டது. புது செல்போன்கள் எல்லாவற்றிலும் 90 நாட்களுக்குள் 'சஞ்சார் சாத்தி' ஆப் இருக்கவேண்டும், அதன் செயல்பாட்டை முடக்கக்கூடாது! தொலைந்த போனை பிளாக் செய்ய, நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்க உதவும் நல்ல ஆப்தான். ஆனாலும் எங்கள் போனுக்குள் அரசாங்கம் எதற்கு என்று எதிர்ப்பு கிளம்பியது. வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்றார் அமைச்சர். டிசம்பர் 3-ல் கட்டாயமே வாபஸ்.

"ஆண்ட்ராய்டை இலவசமாகத் தருகிறார்கள், அவர்களும் பிழைக்கவேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலிலேயே ஏற்றித் தரட்டும், தப்பில்லை. பிடித்தால் வைத்துக்கொள்வோம். ஆனால் பிடிக்காததை முடக்கி வைக்க மட்டும் முடிகிறதே தவிர நீக்க முடிவதில்லை. நாம் காசு கொடுத்து வாங்கிய இடத்தை அது அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

கம்பெனி வைத்தாலும் அரசாங்கம் வைத்தாலும் டப்பா டப்பாதான். அரசாங்கத்தின் ஆப் விஷயத்தில் ஐந்தே நாளில் நியாயம் கிடைத்தது. கம்பெனிகளின் ஆப்களுக்கு அதே நியாயத்தை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.