டேபிள்களை இணைக்கும் 'டைனமிக் ஜாயின்': வசதி என்ன? ஆபத்து எங்கே? எளிய விளக்கம்

2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் இருந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, பிறந்த தேதி, போன் நம்பர், இமெயில் விவரங்கள் ஹேக்கர் கைக்குப் போயின. அவர்களில் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரங்களும் சிக்கின. அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 2016 அக்டோபரில் நிறுவனத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

ஹேக்கர் உள்ளே நுழைந்த வழி 'எஸ்.கியூ.எல். இன்ஜெக்‌ஷன்'. டேபிள்களை டைனமிக்காக இணைக்கும்போது டெவலப்பர் கொஞ்சம் அசந்தாலும் திறந்துவிடுவது இதே கதவுதான். எப்படி? பார்க்கலாம்.

ஜாயின்னா என்ன?

ஒரு ஷாப்பிங் ஆப்பை எடுத்துக்கோங்க. வாடிக்கையாளரின் பெயர், முகவரி ஒரு டேபிளில் இருக்கும். ஆர்டர்கள் இன்னொரு டேபிளில் இருக்கும். ஆர்டர் டேபிளில் பெயர் இருக்காது, வாடிக்கையாளர் எண் மட்டும்தான். முகவரி மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. தகவலை இப்படி டேபிள்களாகப் பிரித்து வைக்கும் முறையை ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் 1970-ல் முன்வைத்தார்.

அந்த எண்ணை வைத்து இரண்டு டேபிளையும் சேர்த்துக் காட்டுவதுதான் ஜாயின். 'இன்னர் ஜாயின்' போட்டால் ஆர்டர் செய்தவர்கள் மட்டும் வருவார்கள். வாடிக்கையாளர் டேபிளை முதலில் வைத்து 'லெஃப்ட் ஜாயின்' போட்டால், ஒரு ஆர்டர்கூட போடாதவர்களும் பட்டியலில் இருப்பார்கள். அவர்களுக்கு ஆர்டர் விவரம் இருக்க வேண்டிய இடம் காலியாக, அதாவது 'நல்' என இருக்கும்.

இதில் 'டைனமிக்' எங்கே வருது?

ஆர்டர்களை வருஷவாரியாகத் தனித்தனி டேபிளில் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: ஆர்டர்_2023, ஆர்டர்_2024, ஆர்டர்_2025. நீங்கள் ஆப்பில் 2024-ஐத் தேர்வு செய்தால், வாடிக்கையாளர் டேபிளோடு ஆர்டர்_2024 இணைய வேண்டும். எந்த டேபிள் என்பது குவெரி எழுதும்போது தெரியாது, நீங்கள் தொட்ட பிறகுதான் தெரியும். இதுதான் டைனமிக் ஜாயின்.

சிக்கல் என்ன?

குவெரியில் மாறும் மதிப்புகளை 'பாராமீட்டர்' ஆக அனுப்புவதுதான் பாதுகாப்பான வழி. வாடிக்கையாளர் எண் 501 என்றால் அந்த 501 தனியாகப் போகும். அதில் என்ன எழுதியிருந்தாலும் டேட்டாபேஸ் அதை வெறும் மதிப்பாகவே பார்க்கும், கட்டளையாக எடுத்துக்கொள்ளாது.

ஆனால், டேபிள் பெயரை இப்படி அனுப்ப முடியாது. எந்த டேபிள், அதில் என்னென்ன காலம், படிக்க அனுமதி உண்டா என்பதெல்லாம் தெரிந்தால்தான் டேட்டாபேஸ் குவெரியைத் திட்டமிடவே முடியும். அதனால் பல டெவலப்பர்கள் 'ஆர்டர்_' என்ற எழுத்தோடு பயனர் அனுப்பியதை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள்.

இங்கேதான் வில்லங்கம். 2024 என்று வர வேண்டிய இடத்தில், ஒருவர் வேறொரு டேபிளைப் படிக்கச் சொல்லும் துண்டுக் கட்டளையை எழுதி அனுப்பினால்? அதுவும் குவெரியின் பகுதியாகிவிடும். திரையில் வருஷத்தைத் தேர்வு செய்யும் பட்டியல்தானே இருக்கு என்று நிம்மதியாக இருக்க முடியாது. சர்வருக்குப் போகும் கோரிக்கையை ஆப்பைத் தொடாமலேயே மாற்றி அனுப்பலாம்.

பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

* அனுமதிப் பட்டியல்: 2023, 2024, 2025 ஆகியவற்றுக்கு எந்த டேபிள் என்பதை கோடிலேயே எழுதி வையுங்கள். பயனர் அனுப்புவது அந்தப் பட்டியலில் தேட மட்டும்தான் பயன்பட வேண்டும். பட்டியலில் இல்லையென்றால் குவெரியே ஓடக்கூடாது.

* மதிப்புகள் எல்லாம் பாராமீட்டரில்: டேபிள் பெயர் தவிர மற்ற எதையும் குவெரியில் ஒட்டாதீர்கள்.

* குறைந்த அனுமதி: ஆப் பயன்படுத்தும் டேட்டாபேஸ் கணக்குக்குத் தேவையான டேபிள்களை மட்டும் திறந்து விடுங்கள். ஓட்டை விழுந்தாலும் இழப்பு குறையும்.

டைனமிக் ஜாயின் தேவைதானா?

பல நேரங்களில் தேவையே இல்லை. எல்லா ஆர்டரையும் ஒரே டேபிளில் போட்டு, வருஷத்தை ஒரு காலமாக வைத்தால் அது சாதாரண பாராமீட்டர் ஆகிவிடும். டேபிள் ரொம்பப் பெருசாகிவிடும் என்ற பயம் இருந்தால் 'பார்ட்டிஷன்' வசதி இருக்கிறது. வெளியே ஒரே டேபிளாகத் தெரியும், உள்ளே வருஷவாரியாகப் பிரிந்திருக்கும்.

பழைய கோடு இருந்தால்?

டாக்டாக்கில் ஓட்டை இருந்தது, 2009-ல் வாங்கிய டிஸ்காலி நிறுவனத்தின் பிரிட்டன் பிரிவோடு வந்த 3 பழைய வெப் பக்கங்களில். அதே ஓட்டை வழியாக 2015 ஜூலை 17-லேயே ஒரு தாக்குதல் நடந்திருந்தது. அப்போதும் யாரும் கவனிக்கவில்லை.

எனவே புதுசா எழுதும் கோடை மட்டும் பார்த்தால் போதாது. பழைய கோடில் குவெரியோடு ஒட்டப்படும் ஒவ்வொரு வேரியபிளையும் தேடி எடுங்கள். அது எங்கிருந்து வருது என்று கேளுங்கள். 'பயனரிடமிருந்து நேராக' என்பது பதிலானால், இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.