கிளர்க்ஸ்: 27,575 டாலரில் ஒரு கடைப்பையனின் படம்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் லியோனார்டோ என்றொரு சிற்றூர். அங்கே குயிக் ஸ்டாப் என்ற கடை. பால், சிகரெட், பத்திரிகை விற்கும் சாதாரணக் கடைதான். 1990களின் தொடக்கத்தில் அதன் கல்லாவில் நின்ற கெவின் ஸ்மித், 1991-ல் தன் 21-வது பிறந்தநாளன்று 'ஸ்லாக்கர்' என்ற படத்தைப் பார்த்தார். ரிச்சர்ட் லிங்க்லேட்டர் எடுத்தது. கதை என்று பெரிதாக எதுவும் இல்லை, வேலைவெட்டி இல்லாதவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். இதுவும் படம் என்றால் நம்மாலும் முடியுமே என்று தோன்றிவிட்டது!

வான்கூவரில் ஒரு திரைப்படப் பள்ளியில் சேர்ந்தார். பாதியில் விட்டுவிட்டு, பாக்கிக் கட்டணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழைய கல்லாவுக்கே வந்தார். அந்தப் பணம், சேர்த்து வைத்திருந்த காமிக்ஸ் புத்தகங்களை விற்ற காசு, கிரெடிட் கார்டு கடன்... எல்லாம் சேர்ந்து 27,575 டாலர். பகலில் வியாபாரம் நடக்கும் கடை என்பதால், 1993-ல் இரவுகளில் படப்பிடிப்பு. வெளியே இருட்டு தெரியக் கூடாதே? பூட்டில் யாரோ சூயிங்கம்மை அடைத்துவிட்டதால் ஷட்டரைத் திறக்க முடியவில்லை என்று கதையிலேயே எழுதிவிட்டார். செலவு கருதிக் கறுப்பு வெள்ளை.

டாண்டேவுக்கு 22 வயது. விடுமுறை நாளில் முதலாளி கூப்பிட்டார் என்று கடைக்கு வந்துவிட்டு, நாள் முழுக்க அதையே சொல்லிப் புலம்புகிறான். காதலி வெரோனிகா சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து, மறுபடி கல்லூரியில் சேரச் சொல்கிறாள். இவனோ அவளுடைய கடந்தகாலத்தைத் தோண்டி, எத்தனை பேர் என்று எண்ணிக் குமுறுகிறான். (தன் கணக்கு மட்டும் அவனுக்குத் தப்பாகவே தெரியவில்லை!) இந்தக் காட்சியில் சிரிப்பு வந்தாலும், சிரிப்புக்கு ஆளாவது வெரோனிகா அல்ல, அவன்தான். பக்கத்து வீடியோ கடை நண்பன் ராண்டல் வாடிக்கையாளர்களைத் திட்டியே பொழுதை ஓட்டுகிறவன். ஆனால் கடைசியில் உண்மையைப் போட்டு உடைப்பவனும் அவனே: உன்னை யாரும் கட்டி இழுத்து வரவில்லை, வரமுடியாது என்று சொல்லியிருக்கலாமே என்கிறான்.

முதலில் எடுத்த முடிவு வேறு. கடை மூடும் நேரத்தில் திருடன் ஒருவன் வந்து டாண்டேவைச் சுட்டுக் கொன்றுவிடுவான். படத்தை விற்க உதவிய ஜான் பியர்சன் உள்ளிட்டோர் வேண்டாம் என்றதால் வெட்டப்பட்டது. வெட்டியது நல்லதுதான். செத்துப்போயிருந்தால் பாவம் என்று அனுதாபம் கிடைத்திருக்கும். உயிரோடு விட்டதால், எப்போது வளரப் போகிறாய் என்ற கேள்வியிலிருந்து அவன் தப்பிக்க முடியவில்லை. படத்தின் பலமே இதுதான்.

1994 சன்டான்ஸ் விழாவில் மிராமேக்ஸ் நிறுவனம் 2,27,000 டாலருக்கு வாங்கியது. பின்னணியில் சேர்த்த பாடல்களின் உரிமைக்கு மட்டுமே, படம் எடுத்த செலவைவிட அதிகம் ஆனது! வன்முறையோ நிர்வாணமோ இல்லாதபோதும், பச்சையான பேச்சுக்காகவே தணிக்கையில் மிகக் கடுமையான சான்றிதழ் கிடைத்தது. வழக்கறிஞர் ஆலன் டெர்ஷோவிட்ஸை வைத்து மேல்முறையீடு செய்ததில், எதையும் வெட்டாமலே அது தளர்த்தப்பட்டது. அமெரிக்கத் திரையரங்குகளில் வசூல் 30 லட்சம் டாலருக்கு மேல். 2019-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

2006-ல் வந்த இரண்டாம் பாகத்தின் முடிவில் நண்பர்கள் இருவரும் அந்தக் கடையையே வாங்கிவிடுகிறார்கள். 2018-ல் ஸ்மித்துக்கே மாரடைப்பு வந்து பிழைத்தார். அதை ராண்டலுக்குக் கொடுத்து 2022-ல் மூன்றாம் பாகம் எடுத்தார். பிழைத்து வந்த ராண்டல், தங்கள் கடையைப் பற்றியே ஒரு படம் எடுக்கிறான். (இன்னும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.) அதில் டாண்டே மாரடைப்பில் இறந்துபோகிறான், 1994 படத்தில் வெட்டிய சாவுக்கு 28 வருடம் கழித்து.